ஜீப்புக்குப் பார்த்த வைத்தியம்

என் மகளுக்கு இடது முட்டி வீங்கியபோது நாங்கள் முதலில் வைத்தியம் பார்த்தது ஜீப்புக்கு. இப்போது இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்கு வீட்டில் மூன்று பேருமே அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தோம்.

மலையாள தேசத்தில், சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருக்கிறோம். மனைவி கொழுந்து எடுக்கிறாள். நான் ஃபாக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். மகள் ஜீப் ஓட்டுகிறாள். சுற்றுலா வந்தவர்களை விடிவதற்குள் மலை உச்சிக்குக் கொண்டுபோய், சூரியன் உதிப்பதைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. என் மச்சினன் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன ஜீப் அது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. அந்தப் பாதையில் வண்டி ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான்.

பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எல்லாம் கல். ஏறும்போது முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுவார்கள். இறங்கி வரும்போது சொந்தக்காரர்கள் போலப் பேசிக்கொண்டு வருவார்கள். அந்த ஏற்றத்தில் முதல் கியரும் கிளச்சும்தான் வண்டியைக் காப்பாற்றும். இடது காலுக்கு ஓய்வே கிடையாது. மச்சினனின் ஜீப்பில் கிளச் கல் மாதிரி இருக்கும். அதனால் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்த அன்றைக்கு, எங்களுக்குக் காரணம் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை.

"அந்த வண்டி எம்பிள்ள காலத் தின்னுபுடும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் மனைவி.

"என்னைக்கும்மா சொன்ன?" என்றாள் மகள்.

"மனசுக்குள்ள சொன்னேன். ஒனக்குக் கேக்கலைன்னா நான் என்ன செய்ய?"

மறுநாள் ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் என்னை விடச் சின்னவர். வாய் மட்டும் பெரியது. அவர் கிளச்சை ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, என் மகளைப் பார்த்து, "தங்கச்சி, இத்தன நாளா இதையா மிதிச்ச? நீ வண்டி ஓட்டல, ஒரல் இடிச்சிருக்க" என்றார்.

"அண்ணே, பேச்சக் கொறச்சு நட்ட முடுக்குங்க" என்றாள் மகள்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க," என்று அவர் என்னிடம் திரும்பினார். "பிளேட்ட மாத்திருவோமா? மாத்துனா முட்டி வீக்கம் தன்னால வத்திரும்."

நான் தலையை ஆட்டினேன். பேச வேண்டிய இடத்திலெல்லாம் எனக்குத் தலையாட்டத்தான் வரும். நாலு பேர் இருக்கும் அறை என்றால் வாசலோடு நின்றுகொள்வேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கும் பாதிக் காரணம் அதுதான். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே எல்லோரும் புது முகம்.

கிளச் பிளேட் மாற்றப்பட்டது. மிதி வெண்ணெய் போல ஆனது. முட்டியும் வற்றியது. எங்களுக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. மனைவி லயத்தில் எல்லோரிடமும் சொன்னாள். பட்டறைக்காரர், வரும் போகும் டிரைவர்களையெல்லாம் நிறுத்தி, "முட்டி வலியா? வண்டிய விடு, சரி பண்ணித் தாரேன்" என்று வியாபாரமே ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நாளில் மறுபடி வீங்கியது. பிறகு வற்றியது. பிறகு வீங்கியது. முட்டியின் உள்பக்கத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி சில நாள் கைக்குத் தட்டுப்படும். இன்னொரு நாள் தேடினால் இருக்காது. "அது வெளிய போயிருக்கும்மா, சாயந்தரம் வந்துரும்" என்பாள் மகள். நாங்களும் சிரித்துக்கொண்டு, கிளச் புதுசு, பழக நாளாகும் என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த எண்ணத்துக்கு முடிவு கட்டியது ஒரு விடியற்காலை. நான் அங்கே இல்லை. அவள் அடுக்களையில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டதுதான்.

ஜீப் நிறையச் சென்னைக்காரர்கள். கடைசிக் கொண்டை ஊசிக்குக் கீழே, பாறை ஓரமாக ஏறிக்கொண்டிருக்கும்போது, மடக்கிய முட்டி மடக்கியபடியே பூட்டிக்கொண்டது. கால் நீளவில்லை. கிளச்சை மிதிக்க முடியவில்லை. அவள் பிரேக்கைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை அணைத்துவிட்டாள். பின்னால் பள்ளம். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு அம்மாள், "ஏம்மா நின்னுடுச்சு?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"போட்டோ பாயின்ட்டுன்னு சொன்னேன்."

"அடிப்பாவி!"

"வேற என்னத்தச் சொல்ல? முட்டி மாட்டிக்கிச்சுன்னா அங்கனயே குதிச்சு ஓடிருவாங்க. எல்லாரும் எறங்கி நல்லாச் சிரிச்சுக்கிட்டு போட்டோ எடுத்தாங்க. பின்னால வந்த ஜீப்பும் நின்னுச்சு. அவங்களும் எறங்கி எடுத்தாங்க. அதுக்குள்ள நான் காலக் கையால புடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டி விட்டேன். டொக்குன்னு வெலகிருச்சு."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் தன் காலை நீட்டி வைத்துக்கொண்டு, சிரிப்பை விட்டுவிட்டு, "யப்பா, கிளச்சுல ஒண்ணும் இல்லப்பா. கிளச்சு நல்லாருக்கு. கால்லதான் என்னமோ இருக்கு" என்றாள்.

அடிமாலியில் ஒரு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. வீங்கிய முட்டியில் ஊசி போட்டு நீரை உறிஞ்சினார். ஊசிக்குள் வந்ததைப் பார்த்தேன். பால் விடாத கட்டஞ்சாயா நிறம். மகள் படுத்தபடியே எட்டிப் பார்த்து, "யப்பா, ஒங்க ஃபாக்டரித் தூளு தோத்துச்சு" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. மூட்டுக்குள் ரத்தம் கசிந்து பழசாகியிருக்கிறது, அடிபடாமல் அப்படிக் கசியக் கூடாது, கோட்டயம் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எந்தெங்கிலும் சோதிக்கானுண்டோ?" என்றார். கேட்க ஏதாவது இருக்கிறதா என்கிறார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றா ஆட்டினேன், உண்டு என்றா ஆட்டினேன் என்பது எனக்கே தெரியாது.

கோட்டயத்தில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. எங்களுக்காக மலையாளத்துக்குள் தமிழைக் கலந்து பேசினார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி, "இவிடெ பாருங்க" என்றார். முட்டிக்குள் ஒரு இடத்தில் கருப்பாக ஒரு உருண்டை. மூட்டைச் சுற்றி உள்ளே பட்டுத் துணி மாதிரி ஒரு சவ்வு இருக்கிறதாம். அதிலிருந்து முளைத்த கட்டி. ஒரு காம்பில் தொங்குவதால் அங்கும் இங்கும் நகர்கிறது. நகர்ந்து எலும்புகளுக்கு நடுவில் வந்தால் முட்டி பூட்டிக்கொள்கிறது. கசிந்த பழைய ரத்தத்தின் இரும்பு அதில் படிந்திருப்பதால் படத்தில் கருப்பாகத் தெரிகிறது. எலும்பில் இல்லை, சதையைச் சேர்ந்த ட்யூமர்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் மனைவி என் கையைப் பிடித்தாள். நான் வாசலோடு நிற்பவன்; அவள் எப்போது என் பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை.

மகள்தான் கேட்டாள். "மேடம், கேன்சரா?"

"ட்யூமர் எல்லாம் கேன்சர் இல்ல, மோளே. இதப் பாத்தா கொழப்பமில்லாத, பயப்பட வேண்டாத வகை மாதிரிதான் இருக்கு. சின்ன வயசுக்காருக்கு முட்டில வரும். பட்சே, பாத்து மட்டும் நான் சத்தியம் பண்ண மாட்டேன். எடுத்து லேபுக்கு அனுப்பணும். அவங்க சொல்றதுதான் முடிவு."

"வேற வகையா இருந்தா?"

"அப்ப வேற பேச்சு பேசலாம். இப்ப அத எதுக்கு?"

கால் போய்விடுமோ என்று மனைவி கேட்க நினைத்ததும், உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று நான் கேட்க நினைத்ததும் அந்த அறையிலேயே நின்றுவிட்டன. திரும்பி வரும் பஸ்ஸில் மூவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தோம். அடிமாலி தாண்டியதும் மகள், "பாவம் பட்டறைக்காரண்ணே. நல்ல வியாபாரம் போச்சு" என்றாள். மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆபரேஷன் நடந்தது. முட்டியைப் பிளக்கவில்லை, சின்னச் சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டு எடுத்தார்கள். எடுத்ததை ஒரு குப்பியில் காட்டினார்கள். மஞ்சளும் பழுப்புமாக, வேக வைத்த கொண்டைக்கடலை போல இருந்தது. மகளுக்கு மயக்கம் தெளிந்ததும் அதைச் சொன்னேன். "இதுக்கா கிளச்சு மாத்துனோம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள்.

லேப் முடிவுக்குக் காத்திருந்த நாட்களில்தான் மனைவி என்னிடம் விஷயத்தை உடைத்தாள். தோட்டத்து மாரியம்மனுக்கு அவள் ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள்.

"முடி எறக்குறதா வேண்டியிருக்கேன்."

"நல்லதுதான். நீ எப்ப எறக்கப் போற?"

"என் முடி இல்ல. ஒங்க முடி."

"என்னயக் கேக்காமயா?"

"கேட்டா நீங்க தலையத்தான் ஆட்டுவீங்க. அது வேணுமா வேண்டாமான்னு ஆத்தாளுக்கு எப்பிடிப் புரியும்?"

"இருக்கிறதே கொஞ்சம் முடி."

"அதான் அம்மனும் செரின்னு சொல்லும். சீக்கிரம் முடிஞ்சிரும்ல."

ஃபாக்டரியில் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வாட்டுகிற மாடியில் விசிறிகளின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் கையால் பேசிக்கொள்வோம். விரலைச் சுழற்றினால் விசிறியை நிறுத்து என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால், இன்னும் ஈரம் இருக்கிறது, பொறு. கொழுந்து பதமாக வாடிவிட்டதா என்று பார்க்க ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுவோம். பதம் வந்திருந்தால் அந்த உருண்டை உடைந்து சிதறாது, பூ மாதிரி மெல்ல விரியும். அதனால் மூடிய கையை மெல்லத் திறந்து காட்டினால், பதம் வந்தாச்சு, இறக்கலாம் என்று அர்த்தம். எனக்கு அந்த மாடி பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே யாருமே பேசுவதில்லை.

மகள் சின்னவளாக இருந்தபோது எனக்குச் சோறு கொண்டுவந்து இதையெல்லாம் பார்த்துப் பழகிக்கொண்டாள். வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் அது ரகசியப் பேச்சு. நான் வேலை முடிந்து வந்து வாசலில் நின்று, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கண்ணால் கேட்பேன். அவள் அடுக்களையிலிருந்து உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால், இன்னும் ஈரம் காயவில்லை, கொஞ்சம் வெளியிலேயே இருங்கள் என்று பொருள்.

முடிவு வாங்கப் போன அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நிறையக் கூட்டம். பெயரைக் கூப்பிட்டதும் மகள் ஊன்றுகோலை எடுத்தாள். மனைவி எழுந்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். "நீங்க இங்கனயே இருங்கப்பா" என்றாள் மகள். அவளுக்கு என்னைத் தெரியும். நான் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். கதவு மூடியது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு ஆள் தண்ணீர் பிடித்துக் குடித்தார். இன்னொருவர் பாட்டிலில் பிடித்தார். நான் ஒவ்வொருவருக்கும் விலகி வழிவிட்டேன்.

கதவு திறந்தது. மகள் மட்டும் வாசலில் வந்து நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் எத்தனையோ தலைகள். அவள் முகத்தை எனக்குச் சரியாகப் பார்க்க முடியவில்லை. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையை எல்லோர் தலைக்கும் மேலே தூக்கினாள். கை மூடியிருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கவிழ்ந்துவிடக் கூடாது, கவிழ்ந்துவிடக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. அந்தக் கை மெல்ல, ஒவ்வொரு விரலாக, திறந்தது.

"பதம் வந்தாச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

கத்தியது நான்தான். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. ஒரு நர்ஸ் உதட்டில் விரலை வைத்தார். நான் இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அதுவும் யாருக்கும் புரியாத ஒரு சொல்லுக்கு.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அறைக்குள் நுழைந்தேன். வாசலோடு நிற்கவில்லை, டாக்டரம்மாவின் மேஜை வரைக்கும் போய்விட்டேன். "பேடிக்கண்டா சேட்டா, கேன்சர் அல்ல", பயப்பட வேண்டாம் என்றார் அவர். கட்டி முழுவதும் வந்துவிட்டது என்றும், இந்த வகை சில பேருக்கு அதே இடத்தில் மறுபடி முளைக்கலாம், அதனால் சொல்கிற நேரத்தில் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, எப்போதும் போல, ஏதாவது கேட்கணுமா என்றார். மனைவியும் மகளும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் தலையாட்டுவேன் என்று எழுந்துவிட்டார்கள்.

"பிள்ள மறுபடி ஜீப்பு ஓட்டலாங்களா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மலையிலயா? கல்லு பாதையில்லே அது? கிளச் எப்படி, டைட்டா?"

"வெண்ணெய் மேடம்" என்றாள் மகள். "முட்டி வலிக்குதுன்னு சொன்னதும் மொத வைத்தியமே அதுக்குத்தான் பாத்தாங்க."

கதை முழுவதும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மெக்கானிக்க நான் பாக்கணும்" என்றார். முட்டிக்கான பயிற்சிகளை ஒழுங்காகச் செய்து, காலில் பழைய பலம் வந்துவிட்டது என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகு ஓட்டலாம். "நான் வந்தா முன்சீட்டு எனக்கு" என்றார்.

மகள் லயத்தின் முற்றத்தில் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தாள். கொழுந்துக்குப் போகும் பெண்கள், "என்னடி, கியரு மாறுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மனுக்கு என் முடியை இறக்கினோம். மனைவி சொன்னபடி சீக்கிரம் முடிந்தது. பட்டறைக்காரர் ஜீப்பை அடிக்கடி கிளப்பி வைத்து, பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொண்டார். "கட்டி வேற, கிளச்சு வேறண்ணே. ஆனா கிளச்ச மாத்தாமப் போயிருந்தா கட்டி வெளிய தெரிஞ்சிருக்குமா, சொல்லுங்க" என்பார். இப்போது யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய கிளச்சாகவே இருந்திருந்தால் இன்றைக்கும் நாங்கள் அதன் மேல்தான் பழி போட்டுக்கொண்டிருப்போம்.

டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு, முதல் சவாரிக்கு மகள் என்னை முன்சீட்டில் உட்கார வைத்தாள். இத்தனை வருஷம் மலையடிவாரத்தில் இருந்தும் நான் சுற்றுலாக்காரர்களோடு அந்த உச்சிக்குப் போனதில்லை. பின்னால் திருச்சிக்காரர்கள் ஒரு குடும்பம். நான் என் மொட்டைத் தலையில் குல்லாவைப் போட்டுக்கொண்டு, ஏற்றம் முழுவதும் பாதையைப் பார்க்காமல் அவளுடைய இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"யப்பா, காலையே பாத்தீங்கன்னா எனக்குக் கூச்சமா இருக்கு. வெளிய பாருங்க."

கடைசிக் கொண்டை ஊசிக்குக் கீழே, பாறை ஓரத்தில், எங்களுக்கு முன்னால் இரண்டு ஜீப்புகள் நின்றுகொண்டிருந்தன. எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாறையில் யாரோ வெள்ளை பெயின்ட்டால் 'போட்டோ பாயின்ட்' என்று எழுதியும் வைத்திருந்தார்கள். அவள் வராமல் இருந்த மாதங்களில் மற்ற டிரைவர்கள் அந்த இடத்தை விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஒரு டிரைவர் எங்கள் ஜீப்பைப் பார்த்ததும், "ஏய், அக்கா வந்திருச்சுடோய்!" என்று கத்தினான். முன்னால் நின்ற இரண்டு வண்டிகளும் ஹார்ன் அடித்தன. பதிலுக்கு அவளும் அடித்தாள். பள்ளத்துக்குள் இருந்து அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

திருச்சி அம்மாள் இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். பாறை, மூடுபனி, தேயிலை. "இந்த இடத்துல அப்படி என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார்.

"இங்கதான்க்கா எங்கப்பா மாத்திக் குடுத்த கிளச்சு நல்லாருக்குன்னு கண்டுபுடிச்சோம்" என்றாள் மகள்.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் என்னையும் சேர்த்து நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். குல்லாவைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன்.

எல்லோரும் ஏறியதும் அவள் வண்டியைக் கிளப்பினாள். பாறைக்குக் கீழே செங்குத்தான சரிவு. கைப்பிரேக்கை விட்டாள். இடது கால் கிளச்சில் பாதி எழும்பி அங்கேயே நின்றது. முட்டியில் துளை போட்ட தழும்புகள் பேன்ட்டுக்குள் இருந்தன. ஜீப் பின்னால் ஒரு விரற்கடை கூட உருளவில்லை. அப்படியே பிடித்து வைத்திருந்து, என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லக் காலை விட்டாள். வண்டி ஏறியது.